இருள் திரையும் ஒளித் திரையும்

முன்னுரை

வகுப்பறையில் ஆசிரியர் கரும்பலகையின்மீது வெண்ணிறச் சுண்ணக்கட்டியால் எழுதுகின்றார். அதனைக் காணும் மாணவர் வெள்ளைத் தாளில் கருமையால் எழுதிக்கொள்கின்றனர். பலகையில் கருமை தளமாகவும் வெண்மை எழுத்தாகவும் நிற்கின்றன. தாளில் வெண்மை தளமாகவும் கருமை எழுத்தாகவும் நிற்கின்றன. எழுதப்படும் பாடம் ஒன்றே. இரண்டையும் நம்மால் படிக்க முடிகின்றது. எழுத்துப் புலனாவதற்குக் காரணம் கருமையும் அன்று, வெண்மையும் அன்று. தளத்திற்கும் எழுத்திற்கும் இடையேயுள்ள வேறுபாடே காரணம் என்பது இதனால் விளங்கும்.

பலகையைத் தாளாக மாற்றுதல் இயலாது. தாளைப் பலகையாக்குதலும் இயலாது. கணினித் திரையோ வேண்டும்போது தாளாகவும், வேண்டும்போது பலகையாகவும் மாறவல்லது. வெண்தளத்தில் கருநிற எழுத்துத் தோன்றும் முறையை ஒளிமுறை என்றும், கருந்தளத்தில் வெண்ணிற எழுத்துத் தோன்றும் முறையை இருள்முறை என்றும் கூறுவர்.

கணினியில் நாம் எழுதவும், திருத்தவும், எழுதியதைச் சேமித்து வைக்கவும் உதவும் செயலி உரைத்தொகுப்பி எனப்படும். ‘டெக்ஸ்ட் எடிட்டர்’ என்று வழக்கில் கூறுவதும் இதனையே. நாள்தோறும் நெடுநேரம் கண்கள் ஊன்றிப் பார்க்கும் கருவி இது. ஆதலின், திரையின் நிறத்தை உரைத்தொகுப்பி எவ்வாறு அறிந்து ஏற்க வேண்டும் என்பதை ஆராய்வோம்.

திரை நிறம் மாறிய வரலாறு

தொடக்கக் காலத்துக் கணினித் திரைகள் பெரும்பாலும் இருண்டே இருந்தன. அக்காலத்தில் கண்ணாடிக் குழாயின் உட்புறத்தில் ஒளிரும் பொருள் ஒன்றைப் பூசியிருந்தனர். எலக்ட்ரான் கற்றை பாய்ந்த இடம் மட்டும் ஒளிர்ந்தது. பாயாத இடம் கருமையாகவே நின்றது. ஆகவே எழுத்து உள்ள இடத்தை மட்டும் ஒளிரச் செய்வதே எளிதாயிற்று. மேலும், திரை முழுவதையும் வெண்மையாக்கினால் அது படபடவெனத் துடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. 1978-ஆம் ஆண்டில் வெளிவந்து புகழ்பெற்ற விடி-100 என்னும் கணினி முனையமும் கருந்தளத்தில் ஒளியெழுத்தைக் காட்டியதே ஆகும்.

இதற்கு முன்னரே வேறொரு வழியும் முளைவிட்டிருந்தது. 1973-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் செராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஆல்ட்டோ என்னும் கணினி உருவாயிற்று. அதன் திரை தாளைப் போல நெடிதாக நின்றது. வெண்தளத்தில் கருநிற எழுத்தைக் காட்டியது. அச்சில் வரப்போவதைத் திரையிலேயே காண வேண்டும் என்பது அதனைச் செய்தோரின் நோக்கம். 1984-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட மெக்கின்டாஷ் கணினி இவ்வழியைப் பொதுமக்களிடம் பரப்பிற்று. பின்னர் வெண்திரையே உலகெங்கும் வழக்காயிற்று.

சில காலத்திற்குப் பின் இருள் மீண்டும் வந்தது. இம்முறை அது கருவியின் குறையால் வரவில்லை. மக்களின் விருப்பத்தால் வந்தது. 2016-ஆம் ஆண்டில் விண்டோஸ் 10 இயங்குதளமும், 2018-ஆம் ஆண்டில் மேக் கணினிகளின் மொஹாவி இயங்குதளமும், 2022-ஆம் ஆண்டில் லினக்ஸ் கணினிகளுக்குரிய க்னோம் 42-உம் இருள்முறையைக் கணினி முழுமைக்கும் உரிய ஓர் அமைப்பாக வழங்கின.

கண்ணின் இயல்பு

இவ்விரண்டனுள் சிறந்தது எது என்னும் வினா எழுவது இயல்பு. அதற்கு விடை காண வேண்டுமாயின் கண்ணின் அமைப்பை நோக்க வேண்டும்.

நம் கண்ணின் நடுவேயுள்ள பாவை ஒளிக்கு ஏற்ப விரிந்து சுருங்கும் தன்மையது. நல்ல வெளிச்சத்தில் அதன் குறுக்களவு ஏறத்தாழ 2 மில்லிமீட்டராகச் சுருங்கும். இருளில் இளையோர்க்கு 8 மில்லிமீட்டர் வரையிலும் விரியும். பாவை சுருங்கியிருக்கும்போது விழித்திரையில் விழும் உருவம் கூர்மையாக அமைகின்றது. வெண்திரையைப் பார்க்கும்போது பாவை சுருங்குதலால் நுண்ணிய எழுத்துக்களும் தெளிவாகத் தோன்றுகின்றன. ஜெர்மனியின் டுசல்டார்ஃப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்றாகும். இளையோர், முதியோர் ஆகிய இருதிறத்தாரும் வெண்தளத்துக் கருநிற எழுத்திலேயே பிழைகளைச் சிறப்பாகக் கண்டுபிடித்தனர் என்பது அவர்கள் கண்ட முடிவு.

கருந்தளத்தில் உள்ள வெண்பொருள் தன் உண்மை அளவினும் சற்றுப் பெரிதாகத் தோன்றும் என்பது கலிலியோ காலந்தொட்டு அறிஞர் கவனித்த செய்தி. இதனால் இருள்திரையில் எழுத்துக்கள் தடித்தாற்போல் தோன்றுகின்றன. உருட்சிப் பிழை உடைய கண்ணினர்க்கு எழுத்தைச் சுற்றி ஒளி கசிவது போலவும் தோன்றும். தமிழ் எழுத்துக்களில் சுழிகளும் புள்ளிகளும் மிகச் சிறியன. ‘மனம்’ வேறு, ‘மணம்’ வேறு. ‘கல’ என்பது வேறு. ‘கல்’ என்பது வேறு. ஒரு சுழியோ புள்ளியோ மங்கினால் சொல்லே மாறிவிடும்.

அங்ஙனமாயின் இருள்முறை வேண்டா என்று தள்ளிவிடலாமா? அதுவும் தகாது. கண்ணின் ஆடி புரையால் மங்கியவர்க்கு வெண்திரையின் ஒளி உள்ளே சிதறிப் பார்வையை மறைக்கும். ஒற்றைத் தலைவலி உடையோர் சிலர்க்கு மிகுந்த ஒளி பெருந்துன்பமாகும். இத்தகையோர்க்கு இருள்திரை ஒரு விருப்பம் மட்டும் அன்று. எழுதவும் படிக்கவும் வாயிலாக அமைவதே அதுதான். நள்ளிரவில் விளக்கை அணைத்த அறையில், பிறர் துயில் கெடாவண்ணம் எழுதுவோர்க்கும் அது துணை செய்கின்றது.

மின்செலவைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓலெட் திரையில் கருமை மிகுந்தால் மின்செலவு குறையும். பின்புற விளக்கின் துணையால் ஒளிரும் எல்.சி.டி. திரையில், விளக்கு எப்பொழுதும் எரிந்துகொண்டே இருத்தலின், அத்தகைய பயன் பெரிதாக இல்லை.

ஆகவே, இது சிறந்தது, அது தாழ்ந்தது என்று பொதுவாகத் தீர்ப்புக் கூறுதல் இயலாது. பகலில் ஒன்றும் இரவில் ஒன்றும், ஒருவர்க்கு ஒன்றும் மற்றவர்க்கு ஒன்றும் ஏற்றதாகும். தேர்ந்தெடுக்கும் உரிமை காண்போருடையது. தேர்ந்ததை மதித்து நடத்தல் கருவியின் கடமை.

ஒரு விருப்பம், ஓர் அறிவிப்பு

முன்பு ஒவ்வொரு செயலியும் தனக்கெனத் தனி அமைப்பை வைத்திருந்தது. பத்துச் செயலிகளைப் பயன்படுத்துவோர் பத்து இடங்களில் தம் விருப்பத்தைத் தெரிவிக்க வேண்டியிருந்தது. ஒன்றை மறந்தால், இருண்ட அறையில் திடீரெனத் தோன்றும் வெண்சாளரம் கண்ணைக் கூசச் செய்தது. இத்தொல்லையை நீக்கவே கணினி முழுமைக்கும் பொதுவான அமைப்பு ஏற்பட்டது.

பண்டைக் காலத்தில் அரசனின் ஆணையை வீடுதோறும் சென்று கூறவில்லை. முரசறைந்து ஊரார் அனைவர்க்கும் ஒருங்கே அறிவித்தனர். இயங்குதளமும் அவ்வாறே செய்கின்றது. பயனர் ஒருமுறை தம் விருப்பத்தைத் தெரிவித்தால் போதும். இயங்குதளம் அதனைக் குறித்து வைக்கின்றது. மாற்றம் நேரும்போது, திறந்திருக்கும் செயலிகள் அனைத்திற்கும் அறிவிக்கின்றது. ஆயினும் முரசு ஒலித்தால் மட்டும் போதுமா? கேட்போர் செவிசாய்க்கவும் வேண்டும் அன்றோ?

உரைத்தொகுப்பி செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, தான் திறக்கும்போதே இப்பொழுது நடப்பில் உள்ள முறை யாது என்று கேட்டறிதல். இரண்டாவது, திறந்தபின்னும் அறிவிப்பை எதிர்நோக்கியிருந்து, மாற்றம் வந்த அளவிலேயே தானும் மாறுதல். முதலாவதை மட்டும் செய்து இரண்டாவதை விட்டுவிடும் செயலிகளும் உண்டு. 2019-ஆம் ஆண்டில் வந்த கேட்டலினா இயங்குதளம் முதல், மேக் கணினிகள் பகலில் ஒளிமுறைக்கும் இரவில் இருள்முறைக்கும் தாமே மாறும் அமைப்பைப் பெற்றுள்ளன. மாலையில் எழுதத் தொடங்கியவர் இரவு வந்ததும், எழுதியதை மூடிவிட்டு மீண்டும் திறந்தால்தான் நிறம் மாறும் என்றால், அத்தகைய ஏற்பாடு அரைகுறையானதே.

இச்செய்தியை இயங்குதளங்கள் ஒரே வகையாகக் குறிப்பதில்லை. விண்டோஸ் தன் பதிவேட்டில் ஓர் எண்ணைக் குறிக்கின்றது. அவ்வெண் 1 ஆயின் செயலிகள் ஒளிமுறையில் இருத்தல் வேண்டும்; 0 ஆயின் இருள்முறையில் இருத்தல் வேண்டும். லினக்ஸ் உலகில் பல மேசைச் சூழல்கள் ஒப்புக்கொண்ட முறையில் 0 என்பது தனி விருப்பம் இல்லை என்பதையும், 1 என்பது இருளையும், 2 என்பது ஒளியையும் குறிக்கின்றன. ஓரிடத்தில் ஒளியைக் குறிக்கும் 1, மற்றோரிடத்தில் இருளைக் குறிக்கின்றது! பல இயங்குதளங்களிலும் இயங்க வேண்டிய உரைத்தொகுப்பியை ஆக்குவோர் ஒவ்வொன்றன் வழக்கையும் தனித்தனியே கற்று, அதற்கேற்பப் பொருள் கொள்ள வேண்டும்.

நிறத்திற்குப் பெயர் இடுதல்

அறிவிப்பைக் கேட்டபின் நிறத்தை மாற்றுவது எங்ஙனம்? பள்ளிக்கு மடல் எழுதுவோர் உறையின்மீது ‘தலைமையாசிரியர் அவர்கள்’ என்று எழுதுகின்றனர். ஒருவர் ஓய்வுபெற்று மற்றொருவர் அப்பணிக்கு வந்தாலும், மடல் உரியவரிடம் சென்று சேர்கின்றது. ஆளின் பெயரை எழுதியிருந்தாலோ மடல் வழிதவறிப் போகும்.

செயலியை எழுதுவோரும் இம்முறையைப் பின்பற்ற வேண்டும். ‘இங்கே கருமை, அங்கே வெண்மை’ என்று நிறத்தின் பெயரை எழுதிவிட்டால், முறை மாறும்போது அத்தனை இடங்களையும் தேடித் திருத்த வேண்டி வரும். ஓரிடம் தப்பினாலும், கருந்தளத்தில் கருநிற எழுத்து நின்று ஒன்றும் தெரியாமற் போகும். அவ்வாறன்றி ‘எழுத்தின் நிறம்’, ‘தளத்தின் நிறம்’, ‘தேர்ந்த பகுதியின் நிறம்’ என்று அதன் பணியைக் கொண்டே பெயரிட்டால் இடர் இல்லை. அப்பெயருக்குரிய உண்மை நிறத்தை ஒளிமுறைக்கு ஒன்றாகவும் இருள்முறைக்கு ஒன்றாகவும் ஒரே பட்டியலில் வைத்தால் போதும். மேக் இயங்குதளம் இத்தகைய பெயர்களைத் தானே வழங்குகின்றது. அவற்றைப் பயன்படுத்தும் செயலிகள் பெருமுயற்சி இன்றியே இருமுறைகளுக்கும் இசைந்து போகின்றன.

வேறுபாட்டின் அளவு

இருமுறைக்கும் இரு பட்டியல் எதற்கு? ஒரு பட்டியலைத் தலைகீழாகப் புரட்டினால் போதாதா? போதாது. அதற்குரிய காரணத்தை அறிதல் வேண்டும்.

பனையோலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்து ஓலையின் நிறத்தோடு ஒன்றி நிற்கும். ஆதலால் நம் முன்னோர் அதன்மேல் கரி பூசித் துடைத்தனர். கீற்றுக்களில் கரி தங்கியதும் எழுத்துத் துலங்கிற்று. எழுத்திற்கும் தளத்திற்கும் ஒளியில் வேறுபாடு வேண்டும் என்பதை அவர்கள் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். இக்காலத்தில் அவ்வேறுபாட்டை அளந்தே கூறலாம். உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறையின்படி, கருமைக்கும் வெண்மைக்கும் உள்ள வேறுபாடு 21 மடங்கு. சாதாரண அளவுள்ள எழுத்திற்குக் குறைந்தது 4.5 மடங்கும், பெரிய எழுத்திற்கு 3 மடங்கும் வேறுபாடு இருத்தல் வேண்டும். இந்நெறி வலைப்பக்கங்களுக்கென வகுக்கப்பட்டதாயினும், பிற செயலிகளுக்கும் நல்ல அளவுகோலாகும்.

உரைத்தொகுப்பிகள் பல, நிரல் எழுதுவோர்க்கு உதவும்பொருட்டுச் சொற்களைப் பல நிறங்களில் காட்டுகின்றன. தூய மஞ்சள் நிறத்தை எடுத்துக்கொள்வோம். கருந்தளத்தில் அதன் வேறுபாடு 19 மடங்கிற்கும் மேல், வெண்தளத்திலோ 1.07 மடங்கே, எழுத்து இருப்பதே தெரியாது. தூய நீலத்தின் நிலை இதற்கு நேர்மாறு. வெண்தளத்தில் அது ஏறத்தாழ 8.6 மடங்கு வேறுபட்டுத் தெளிவாகத் தோன்றும், கருந்தளத்தில் 2.4 மடங்காகச் சுருங்கி மங்கிவிடும். ஒரு முறைக்குப் பொருந்திய நிறம் மற்றொன்றில் உதவாது என்பது இவ்வெண்களால் பெறப்படும்.

இரு தளங்களிலும் ஒரே வண்ணங்கள் பயன்படுமாறு 16 நிறங்களை ஆய்ந்து தொகுத்த முயற்சியும் உண்டு. 2011-ஆம் ஆண்டில் ஈதன் ஷூனோவர் வெளியிட்ட ‘சோலரைஸ்டு’ என்னும் தொகுதி அது. அதனுள்ளும் தளத்தின் நிறமும் எழுத்தின் நிறமும் முறைக்கேற்ப இடம் மாறுகின்றன. எஞ்சிய 8 வண்ணங்கள் மட்டும் இரண்டிற்கும் பொதுவாக நிற்கின்றன. மேலும், இருள்முறையில் முழுக் கருமையும் முழு வெண்மையும் எதிரெதிர் நில்லாமல், கருஞ்சாம்பல் தளமும் மெல்லிய சாம்பல் எழுத்தும் அமைப்பாரும் உளர். எழுத்தின் ஒளி கசிவதை அது தணிக்கும்.

மறத்தற்கு எளிய இடங்கள்

எழுத்தும் தளமும் மாறிவிட்டால் வேலை முடிந்தது என்று கருதுதல் கூடாது. எழுதும் இடத்தைக் காட்டும் சுட்டிக்கோடு, வரியெண்கள், தேர்ந்தெடுத்த பகுதி, தேடிக் கண்ட சொல்லின் பின்னணி, எழுத்துப் பிழையைச் சுட்டும் அடிக்கோடு, உருள்பட்டை, தலைப்புப் பட்டை, கோப்பைத் திறக்கும் சிறு சாளரம் ஆகிய அனைத்தும் மாற வேண்டும். கருந்தளத்தில் சுட்டிக்கோடு கருமையாகவே நின்றுவிட்டால், எழுதுவோர் தாம் எங்கே எழுதுகின்றோம் என்பதையே அறியார்.

செயலி திறக்கும் அந்தக் கணத்தையும் கருத வேண்டும். சில செயலிகள் முதலில் வெண்சாளரத்தைக் காட்டிப் பின்னரே கருமைக்கு மாறுகின்றன. மின்னல் வெட்டினாற்போன்ற அவ்வொளி, இருளுக்குப் பழகிய கண்ணைத் துன்புறுத்தும். சாளரத்தைக் காட்டுவதற்கு முன்னரே முறையை அறிந்து நிறத்தை அமைத்தல் இதற்கு மருந்து.

எல்லாவற்றினும் முதன்மையான நெறி ஒன்று உண்டு. முறை மாறுவது பார்வைக்கு உரிய மாற்றம். எழுதியவர் எழுதியதை அது தீண்டலாகாது. ஒருவர் ஒரு சொல்லைச் சிவப்பாக எழுதியிருந்தால், அச்சிவப்பு ஆவணத்தின் பகுதியாகும். திரை இருண்டது என்பதற்காக அந்நிறத்தைக் கோப்பினுள் மாற்றிச் சேமித்தல் பெருந்தவறு. அச்சிடும்போதும் வெள்ளைத் தாளில் கருநிற எழுத்தே விழ வேண்டும். இருள்திரையை அப்படியே அச்சிட்டால் மை வீணாகும். மேக் கணினியின் டெக்ஸ்ட்எடிட் செயலி, இருள்முறையிலும் எழுதும் தளத்தை மட்டும் வெண்மையாக வைத்துக்கொள்ள இடமளிக்கின்றது. தாளில் அச்சாகும் வண்ணத்தைக் கண்டு எழுத விரும்புவோர்க்கு அது பயன்படும்.

மூன்று வழிகள்

கணினி முழுமைக்கும் பொதுவிருப்பம் ஒன்று இருப்பினும், ஒரு செயலிக்கு மட்டும் வேறு விருப்பம் இருத்தல் கூடும். எல்லாம் இருளில் இருக்க, எழுதும் பணியை மட்டும் ஒளித்திரையில் செய்ய விரும்புவோர் உளர். ஆதலின் நல்ல உரைத்தொகுப்பி மூன்று வழிகளைத் தருகின்றது: இயங்குதளத்தைப் பின்பற்றுதல், என்றும் ஒளி, என்றும் இருள் என்பன அவை. முதலாவதே இயல்பான நிலையாக இருத்தல் நன்று.

விண்டோஸில் உள்ள நோட்பேட் இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. 1985-ஆம் ஆண்டில் விண்டோஸின் முதற் பதிப்போடு வெளிவந்த எளிய உரைத்தொகுப்பி அது. 2016-இல் விண்டோஸ் இருள்முறையை ஏற்ற பின்னரும் நோட்பேட் வெண்மையாகவே நின்றது. பழைய முறையில் எழுதப்பட்ட செயலிகளுக்குப் புதிய அமைப்பு தானாகச் சென்று எட்டவில்லை என்பதே காரணம். 2021-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் விண்டோஸ் 11-க்கெனப் புதுப்பித்த நோட்பேடை மைக்ரோசாப்ட் முதன்முதலாகச் சோதனையாளர்க்கு வெளியிட்டது. இருள்முறையும், மேற்கூறிய மூன்று வழிகளும் அதில் இடம்பெற்றன. க்னோம் 42-உடன் வந்த புதிய உரைத்தொகுப்பியும் இம்மூன்றையும் தன் பட்டியின் தலைப்பிலேயே வைத்துள்ளது.

இவற்றிற்கும் மேலான ஓர் அமைப்பு உண்டு. பார்வை மிகக் குறைந்தோர்க்காக இயங்குதளங்கள் மிகுவேறுபாட்டு முறை என ஒன்றை வைத்துள்ளன. விண்டோஸில் அதன் நிறங்களைப் பயனரே தேர்ந்துகொள்ளலாம். அம்முறை நடப்பில் இருக்கும்போது உரைத்தொகுப்பி தன் அழகிய வண்ணங்களை விலக்கிக்கொண்டு, பயனர் தேர்ந்த நிறங்களுக்கு வழிவிட வேண்டும்.

முடிவுரை

ஒரு கருவி நன்கு அமைந்துள்ளது என்பதற்கு அடையாளம், அதனைக் கையாள்வோர் அதனை மறந்து தம் பணியில் ஈடுபடுதலே ஆகும். திரை மாறியதை உணராமலே எழுதுவோர் எழுதிச் செல்வாராயின், உரைத்தொகுப்பியை ஆக்கியோர் தம் கடமையைச் செவ்வனே செய்தனர் எனலாம். முறையை மாற்றும் விசை சிறிது. ஆயினும் அதன் பின்னே கண்ணின் இயல்பை அறிதலும், அறிவிப்பைக் கேட்டலும், நிறத்தை அளந்து தேர்தலும், எழுதியதைக் காத்தலும் ஆகிய பணிகள் அடங்கியுள்ளன. இளையோரின் கூரிய கண்ணும், முதியோரின் மங்கிய கண்ணும், ஒளியைக் கண்டு வருந்தும் கண்ணும் ஒரே கருவியின்முன் அமர்கின்றன. அனைவரும் இடரின்றி எழுதவும் படிக்கவும் இடம் தரும் கருவியே நல்ல கருவி. நாளை மென்பொருள் ஆக்கும் பணியில் ஈடுபட இருக்கும் மாணவர்கள் இதனை நெஞ்சில் கொள்வார்களாக.